ஆக்சிஜன் சென்சார் காட்டும் வோல்ட்டை வைத்து இன்ஜின் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி

செக் இன்ஜின் விளக்கு எரிந்து, ஸ்கேனரில் (வண்டியின் கணினியைப் படிக்கும் கருவி) ஆக்சிஜன் சென்சார் சம்பந்தமான கோடு, அதாவது கோளாறுக் குறியீடு வந்தால் பலரும் முதலில் செய்வது சென்சாரை மாற்றுவதுதான். சில நாளில் அதே விளக்கு மறுபடி எரியும். பழைய சென்சார் ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கும். கோளாறு இன்ஜினில் இருந்திருக்கும்.

இந்த சென்சார் பெட்ரோலை அளப்பதில்லை. எக்ஸாஸ்ட் வாயுவில் எரியாமல் மிஞ்சிய ஆக்சிஜனை மட்டுமே பார்க்கிறது. இதை மறந்தால் கீழே வரும் எல்லா அளவையும் தப்பாகப் புரிந்துகொள்வோம்.

பெட்ரோல் வண்டிகளில் பரவலாக இருக்கும் ஜிர்கோனியா சென்சார் ஏறக்குறைய 0.1 முதல் 0.9 வோல்ட் வரை தரும். ஆக்சிஜன் குறைந்தால், அதாவது கலவை ரிச்சாக (பெட்ரோல் அதிகமாக) இருந்தால், வோல்ட் ஏறும். லீனாக (காற்று அதிகமாக) இருந்தால் இறங்கும். நடுக்கோடு 0.45 வோல்ட், எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் சேரும் இடம் அது. கலவையின் அளவையே சொல்லும் வைட்பேண்ட் சென்சார் உள்ள வண்டியில் இந்தக் கணக்கு செல்லாது. பல வண்டிகளில் அதன் வோல்ட் லீனில் ஏறும். அங்கே வோல்ட்டை விட்டுவிட்டு லாம்டாவை (சரியான கலவையோடு ஒப்பிட்ட காற்றின் அளவு) பாருங்கள்: 1.00 சரியான கலவை, 0.95 ரிச், 1.05 லீன்.

இன்ஜின் சூடு 80 டிகிரி தாண்டட்டும். பிறகு 2500 ஆர்பிஎம்மில் இரண்டு நிமிடம் பிடியுங்கள். சென்சார் முனை 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் நம்பும்படியான வோல்ட் வரும். ஸ்கேனர் குளோஸ்டு லூப் (இன்ஜின் கணினியான இசியு சென்சாரைப் பார்த்துப் பெட்ரோலைத் திருத்தும் நிலை) என்று காட்டுகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஓபன் லூப்பில் இசியு இந்த சென்சாரைக் கேட்பதே இல்லை. கிராஃபில் பேங்க் 1 சென்சார் 1 (புகையைச் சுத்தம் செய்யும் கன்வர்ட்டருக்கு முன்னாலுள்ள சென்சார்), ஷார்ட் டெர்ம் ஃப்யூல் டிரிம், லாங் டெர்ம் ஃப்யூல் டிரிம், ஆர்பிஎம் ஆகிய நான்கு மட்டும் போதும். ஃப்யூல் டிரிம் என்பது இசியு பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது (பிளஸ்), குறைக்கிறது (மைனஸ்) என்ற அளவு; ஷார்ட் டெர்ம் உடனடித் திருத்தம், லாங் டெர்ம் நீண்டகாலத் திருத்தம். மலிவான ப்ளூடூத் அடாப்டரில் பத்துப் பதினைந்து அளவுகளை ஒன்றாகத் திறந்தால் ஒவ்வொன்றும் தாமதமாகவே புதுப்பிக்கப்படும். நல்ல சென்சாரும் மந்தமாகத் தெரியும்.

முதலில் சென்சாரையே சோதியுங்கள். 2500 ஆர்பிஎம்மில் வோல்ட் 0.2-க்குக் கீழும் 0.8-க்கு மேலும் போய்வர வேண்டும். 10 வினாடியில் எட்டு முறையாவது நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் 0.8-க்கு மேல் தாவ வேண்டும். ஓட்டும்போது கியரில் இருக்கையில் காலை எடுத்தால் இசியு பெட்ரோலை நிறுத்திவிடும். அப்போது வோல்ட் பூஜ்ஜியத்தை ஒட்டி விழ வேண்டும். இரண்டு பக்கமும் சட்டென்று போனால் சென்சார் நலமாக இருக்கிறது, அதை மாற்ற வேண்டாம். 0.45-இலேயே அசையாமல் நின்றால் சென்சார் சூடாகவில்லை, அல்லது சிக்னல் ஒயர் அறுந்திருக்கிறது. பி0135 கோடு சென்சாரைச் சூடாக்கும் ஹீட்டரின் சர்க்யூட்டைக் குறிக்கும். முதலில் ஃப்யூஸைப் பாருங்கள். பிறகு ஹீட்டர் ஒயர்கள் இரண்டுக்கும் இடையே ஓம் அளவை எடுங்கள். பெரும்பாலும் இரண்டும் ஒரே நிறத்தில் இருக்கும். இன்ஜின் ஆறியிருக்கும்போது பல சென்சார்களில் 2 முதல் 20 ஓம் வரை வரும். அளவே வராவிட்டால் ஹீட்டர் உள்ளே அறுந்துவிட்டது.

சென்சார் நலம், ஆனால் பி0171 லீன் கோடு வருகிறது. இங்கேதான் ஃப்யூல் டிரிம் உதவும். ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் இரண்டையும் கூட்டுங்கள். கூட்டல் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. ஐட்லிங்கில் +20, 2500 ஆர்பிஎம்மில் +4 என்றால் வேக்யூம் லீக் (அளக்கப்படாத காற்று உள்ளே கசிவது): இன்டேக் கேஸ்கெட், பிசிவி குழாய் (கிராங்க்கேஸ் வாயுவை இன்டேக்குக்குக் கொண்டுபோவது), பிரேக் பூஸ்டர் குழாய். ஐட்லிங்கில் உள்ளே போகும் மொத்தக் காற்று குறைவு என்பதால் சின்ன ஓட்டையும் பெரிதாகத் தெரியும். மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் (உள்ளே போகும் காற்றை அளப்பது) இல்லாமல் மேப் சென்சாரை (இன்டேக் அழுத்தத்தை அளப்பது) வைத்தே காற்றைக் கணக்கிடும் வண்டிகளில் இதே ஓட்டை டிரிமில் அவ்வளவாகத் தெரியாது, ஐட்லிங் வேகம்தான் ஏறும். இதற்கு நேர்மாறாக ஐட்லிங்கில் சரியாக இருந்து, மேடு ஏறும்போது டிரிம் ஏறினால் பெட்ரோல் போதவில்லை: பம்ப், ஃபில்டர், அடைத்த இன்ஜெக்டர். அழுக்கான மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரும் இதே மாதிரி காட்டும் என்பதால், ஃப்யூல் பிரஷரை கேஜ் வைத்து அளந்த பிறகே பம்ப்பைக் கழற்றுங்கள்.

பலரையும் ஏமாற்றுவது பொய்யான லீன். ஒரு சிலிண்டரில் ஸ்பார்க் தவறினால் அங்கே பெட்ரோலும் எரியாது, ஆக்சிஜனும் செலவாகாது. அந்த ஆக்சிஜனைப் பார்த்த சென்சார் லீன் என்று சொல்லும். இசியு இன்னும் பெட்ரோலை ஊற்றும். ஸ்பார்க் பிளக்கில் கரி, டிரிமில் பிளஸ், வால்குழாயில் பெட்ரோல் வாடை மூன்றும் சேர்ந்து வந்தால் மிஸ்ஃபயரைத் தேடுங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் சென்சாருக்கு முன்னால் விரிசல் இருந்தாலும் இதே கதைதான். வெளிக்காற்று உள்ளே இழுபட்டு லீனாகத் தெரியும். இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து டிக் டிக் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். சூடானால் விரிசல் அடைபட்டுச் சத்தம் நின்றுவிடும்.

பி0172 ரிச், டிரிம் மைனஸ் 15 என்றால் ஒழுகும் இன்ஜெக்டர், அதிக ஃப்யூல் பிரஷர், மூடாத பர்ஜ் வால்வு (டேங்கின் பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்கு விடுவது) ஆகியவற்றைப் பாருங்கள். பர்ஜ் வால்வின் குழாயைக் கழற்றி இன்டேக் பக்கத்து முனையை அடைத்ததும் டிரிம் சரியானால் குற்றவாளி அதுதான். திறந்தே கிடக்கும் தெர்மோஸ்டாட் இன்ஜினைச் சூடாக விடாமல் பெட்ரோல் செலவை ஏற்றும்; கூலன்ட் வெப்பநிலையையும் ஒரு முறை பாருங்கள்.

கன்வர்ட்டருக்குப் பின்னாலுள்ள சென்சார் 2 ஏறக்குறைய 0.6, 0.7 வோல்ட்டில் அமைதியாக நிற்க வேண்டும். முன்னாலுள்ளது போலவே அதுவும் மேலும் கீழும் ஆடினால் கன்வர்ட்டர் ஆக்சிஜனைச் சேமிக்கும் திறனை இழந்துவிட்டது. பி0420 (கன்வர்ட்டர் திறன் குறைவு) கோடு அதனால் வருவதே. ஆனால் எக்ஸாஸ்ட் லீக், மிஸ்ஃபயர், எண்ணெய் எரிதல் இவை இல்லை என்று தெரிந்த பிறகே கன்வர்ட்டரில் கை வையுங்கள். அவற்றைச் சரிசெய்யாமல் புதிதாகப் போட்டால் அதுவும் கெட்டுப்போகும்.

சென்சாரை மாற்றத்தான் வேண்டும் என்றால் கழற்றியதன் முனையைப் பாருங்கள். கருப்புக் கரி ரிச் கலவையின் அடையாளம். வெள்ளைப் படிவு சிலிக்கோன் சீலன்ட்டாலோ, சிலிண்டருக்குள் கசியும் கூலன்ட்டாலோ வரும். காரணத்தை நீக்காவிட்டால் புதியதும் அதே கதிக்கு ஆளாகும். ஆன்டி-சீஸ் பசையை மரையில் மட்டும் தடவுங்கள், முனையில் படக்கூடாது. பிறகு கோடுகளை அழித்து, பழைய லாங் டெர்ம் டிரிம்மும் பூஜ்ஜியமாகிவிட்டதா என்று பார்த்து, ஐட்லிங், சீரான வேகம், மேடு என்று எல்லா நிலையிலும் ஓட்டிவிட்டு டிரிமை மறுபடி படியுங்கள்.