திரையில் எழுத்து தெளிவாகத் தெரிய

கணினித் திரையில் எழுத்து சிறிதாக இருக்கிறதென்று ரெசல்யூஷனை, அதாவது படத்தைக் காட்டும் புள்ளிகளின் எண்ணிக்கையை, குறைக்காதீர்கள். எழுத்து பெரிதாகும், ஆனால் மங்கிவிடும். படம் திரையின் புள்ளிகளோடு பொருந்தாமல் போவதே காரணம். ரெசல்யூஷனைப் பரிந்துரைக்கப்பட்ட அளவிலேயே விட்டுவிட்டு, விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே என்று போய் 'ஸ்கேல்' அளவை 125% அல்லது 150% ஆக்குங்கள். தமிழுக்கு இது மிகவும் அவசியம்: ண, ன, ணை, னை ஆகியவற்றின் சுழிகள் சிறிய அளவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மாற்றியபின் பழைய செயலிகள் மங்கலாகத் தெரிந்தால், சைன் அவுட் செய்து மீண்டும் உள்ளே வாருங்கள்.

எழுத்தை மட்டும் பெரிதாக்க, அதே செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டியில் 'டெக்ஸ்ட் சைஸ்' இருக்கிறது. 225% வரை போகலாம். 'அப்ளை' அழுத்தினால்தான் மாறும்.

வெளிச்சத்துக்கு, வெள்ளைத் தாள் ஒன்றைத் திரையருகே பிடித்துப் பாருங்கள். திரையின் வெண்மை விளக்குபோல் ஒளிர்ந்தால் பிரைட்னஸைக் குறையுங்கள். சாம்பல் பூத்தால் கூட்டுங்கள்.