இறுகின ஸ்குரூவும் முறிந்த ஈசி அவுட்டும்

போன கிழமை மட்டக்களப்பு, கல்லடிப் பொடியன் ஒருத்தன் 1970களில் வந்த ஹொண்டா ஒன்றை என் கராஜுக்குத் தள்ளிக்கொண்டு வந்தான். கிளட்ச் கவரில் மூன்று ஸ்குரூ கழரவில்லையாம். டோர்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றின் நடுவில் துளை, துளைக்குள் முறிந்த ஈசி அவுட் துண்டு. ஈசி அவுட் என்றால், கழராத ஸ்குரூவில் துளை போட்டு, அதற்குள் முறுக்கி ஸ்குரூவைத் திருப்பி எடுக்கும் ஆயுதம். வயிறு எரிந்தது. இருபது வருடத்துக்கு முந்தி நான் செய்த அதே வேலை. இறுகின ஸ்குரூ கழற்றும்போது நாம் விடும் பிழைகள் இவை.

எல்லா ஸ்டார் ட்ரைவரும் ஒன்றில்லை

பழைய ஜப்பான் மோட்டார் சைக்கிளில் இருப்பது ஜேஐஎஸ் தலை, அதாவது ஜப்பான் தரத்தில் வெட்டின ஸ்டார் தலை. சாதாரண பிலிப்ஸ் ட்ரைவர் அதில் அடிவரை இறங்காது. பலம் கொடுத்தால் மேலே ஏறி வழுக்கி, தலையைத் தின்றுவிடும். ஜேஐஎஸ் பிட்டை இம்பாக்ட் ட்ரைவரில், அதாவது பின்னால் அடித்தால் பிட்டைத் திருப்பும் ட்ரைவரில், போட்டுச் சுத்தியலால் அடியுங்க.

இம்பாக்ட் ட்ரைவரின் திசை

அடிக்க முதல் பாருங்க. இறுக்குற பக்கம் இருந்தால் கதை முடிந்தது.

எண்ணெய் விட்ட கையோடு முறுக்குவது

ஒரு ராத்திரி ஊறட்டும்.

ஈசி அவுட்டை நம்புவது

நமக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்பு ஈரம் இரும்பு ஸ்குரூவுக்கும் அலுமினியத்துக்கும் இடையில் இறங்கினால் அலுமினியம் வெள்ளையாகப் பூத்துப் புரியைக் கவ்விக்கொள்ளும். ஈசி அவுட்டோ கூம்பு வடிவம். முறுக்க முறுக்கத் துளைத்த ஸ்குரூவை வெளிப்பக்கம் விரிக்கும், பிடி இன்னும் இறுகும். 6 மில்லிமீட்டர் ஸ்குரூவுக்குள் போகும் ஈசி அவுட் மெல்லியது, வளையாது, டக்கென்று முறியும். அதன் உருக்கைச் சாதாரண ட்ரில் பிட் தொடாது.

அது தெரியாமல் மாமாவின் மோட்டார் சைக்கிளில் நான் மேலும் துளைத்தேன். பிட் வழுக்கி மென்மையான அலுமினியத்துக்குள் இறங்கி, துளை முட்டை வடிவமானது. லேத் கடையில் எஞ்சினைப் பிரித்து, துளையைப் பெருப்பித்து, புதுப் புரி வைத்தார்கள். மூன்று கிழமை மாமா பஸ்ஸில் வேலைக்குப் போனார். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை.

இவ்வளவும் தேவையே இல்லை. தலையை மட்டும் துளைத்து எடுத்தால் போதும். நடுவில் பஞ்ச் அடித்து 6 மில்லிமீட்டர் பிட்டை நேராக இறக்குங்க. தலை மோதிரம் மாதிரிப் பிட்டோடு வந்துவிடும். கவரை இழுத்தெடுத்தால் ஸ்குரூவின் தண்டு நீட்டிக்கொண்டு நிற்கும், இறுக்கம் பாதி போயிருக்கும். சுற்றியுள்ள அலுமினியத்தை ஹீட் கன்னால் சூடாக்குங்க. அது இரும்பைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு விரியும். பிறகு வைஸ் கிறிப்பால் (பூட்டிப் பிடிக்கும் குறடு) பிடித்து முன்னும் பின்னுமாய் அசைத்துத் திருப்புங்க.

பொடியனின் இரண்டு ஸ்குரூவை அப்படித்தான் எடுத்தோம். ஈசி அவுட் முறிந்த ஸ்குரூவின் தலையைச் சின்னக் கிரைண்டரால் தேய்த்தோம். கவர் கழன்றது. மீதித் தண்டு கிரீச்சென்று முனகி, புரியெல்லாம் வெள்ளைத் தூளோடு வெளியே வந்தது. அவன் இன்னும் துளைத்திருந்தால் அதுவும் லேத் கடைக்குத்தான்.

சூடாக்கும்போது பெற்றோல்

டேங்க்கைக் கழற்றித் தூர வைத்துவிட்டுத் தொடங்குங்க.

கழற்றியதை ஒரே பேணியில் போடுவது

கவர் ஸ்குரூக்களின் நீளம் ஒன்றில்லை. கட்டைத் துளையில் நீளமானதைப் போட்டு இறுக்கினால் எஞ்சின் கூடு பிளக்கும். மட்டையில் கவரின் வடிவத்தைக் கீறி, எடுத்த ஒவ்வொன்றையும் அதன் இடத்திலேயே குத்தி வையுங்க. திருப்பிப் பூட்டும்போது புதிய அலன் போல்ட்டில் (தலையில் அறுகோணக் குழி உள்ளது) கொப்பர் கிறீஸ் பூசுங்க.