சைனஸ் போயிடுச்சு, காது மட்டும் இன்னும் அடைச்சே இருக்கா? நான் ஆறு வாரத்துல கத்துக்கிட்டது

போன நவம்பர்ல எனக்கு சைனஸ் வந்துச்சு. டெல்லில இருக்கறவங்களுக்கு அந்த மாசம் எப்படி இருக்கும்னு சொல்லவே வேண்டாம், காத்து மாசு அளவு (ஏக்யூஐ) 400 தாண்டி நிக்குது, முனிர்கால எங்க மொட்டை மாடில நின்னா பக்கத்து தெரு தெரியல. பத்து நாள்ல மூக்கு விட்டுடுச்சு, கன்னத்து வலி போச்சு, தலைபாரம் போச்சு, ஆனா இடது காது மட்டும் தண்ணிக்குள்ள முங்கின மாதிரி அப்படியே நின்னுடுச்சு. பேசினா என் குரலே பானைக்குள்ள பேசற மாதிரி கேக்குது, எச்சில் முழுங்கினா உள்ள படபடன்னு ஒரு சத்தம், ஆனா அடைப்பு மட்டும் போகல. இதுல பெரிய கஷ்டம் ஹிந்திதான். தமிழ்ல அரை வார்த்தை விட்டுப்போனாலும் மனசு தானா நிரப்பிக்கும், ஹிந்திய நான் இத்தனை வருஷமும் பாதி காதாலயும் பாதி யூகத்தாலயும்தான் ஓட்டியிருக்கேன்னு அப்பதான் புரிஞ்சுது. காய்கறிக்காரர் விலை சொன்னா மூணு தடவை கேக்க வேண்டியிருந்துச்சு.

ஊர்ல இருந்து அம்மா போன்ல முதல்ல சொன்னது, நல்லெண்ணெயில பூண்டு தட்டிப் போட்டு காய்ச்சி ரெண்டு சொட்டு காதுல விடுன்னு. அம்மா மேல எனக்கு உயிர், ஆனா இதை மட்டும் செய்யாதீங்க. ஏன்னு சொல்றேன், அது புரிஞ்சாதான் மீதி எல்லாம் புரியும்.

சூடா சாதம் போட்டு எவர்சில்வர் டிபன் பாக்ஸை இறுக்கி மூடினா கொஞ்ச நேரத்துல மூடி உள்பக்கமா இழுத்துக்கிட்டு திறக்கவே வராது இல்லையா, அதுதான் இப்ப உங்க காதுக்குள்ள நடக்குது. செவிப்பறைக்கு பின்னாடி ஒரு சின்ன காத்தறை இருக்கு, அங்க இருந்து மூக்கோட பின்பக்கத்துக்கு ஏறக்குறைய 3.5 சென்டிமீட்டர் நீளத்துல ஒரு குழாய் போகுது, அதுக்கு பேர் யூஸ்டேஷியன் டியூப். சும்மா இருக்கும்போது மூடியே இருக்கும், முழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் ஒரு கணம் திறந்து புதுக் காத்தை உள்ள விடும். சைனஸ் வந்தா அந்த குழாயோட வாய் வீங்கிக்குது. உள்ள இருக்கற காத்தை உடம்பு உறிஞ்சிக்கும், புதுசு வராது, செவிப்பறை உள்ள இழுத்துக்கும், நாளாக ஆக அங்க நீர் கோத்துக்கும். அடைப்பு காதுல தெரியுது, ஆனா கோளாறு மூக்குக்கு பின்னாடி இருக்கு. செவிப்பறைல ஓட்டை இல்லாத வரைக்கும் வெளியில இருந்து விடற எண்ணெயோ சொட்டு மருந்தோ அந்த அறைக்குள்ள போகவே போகாது.

வேற எதையும் பண்றதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் இன்னிக்கே பண்ணிப் பாருங்க. வாயை மூடிட்டு ம்ம்ம்ம்னு கொஞ்சம் கனமா முனகுங்க. சத்தம் எந்த பக்கம் அதிகமா கேக்குது? அடைச்ச காதுப் பக்கம் கேட்டா பெரும்பாலும் நீர், காத்து, அழுக்கு மாதிரி வழி அடைப்புதான். ரெண்டு காதும் நல்லா இருக்கறவங்க ஒரு காதை விரலால பொத்திக்கிட்டு முனகினா பொத்தின பக்கம்தான் சத்தம் கூடும், அதே கணக்கு. ஆனா சத்தம் நல்ல காதுப் பக்கம் போச்சுன்னா, அதுவும் கேக்கறது திடீர்னு ஒரே நாள்ல குறைஞ்சிருந்தா, அது நரம்புக் கோளாறா இருக்கலாம், அன்னிக்கே ஈஎன்டி டாக்டரைப் பார்க்கணும். நரம்புல வர திடீர் செவிட்டுக்கு ஸ்டீராய்டு மாத்திரை குடுப்பாங்க, அது முதல் ரெண்டு வாரத்துக்குள்ள, அதுவும் முதல் சில நாள்லயே ஆரம்பிச்சாதான் பலன் அதிகம். எங்க மேல் மாடில இருக்கற மாமா சளி அடைப்புன்னு நினைச்சு மூணு வாரம் ஆவி பிடிச்சுக்கிட்டு இருந்தார், போய் பார்த்தப்ப நரம்புன்னு சொன்னாங்க, இன்னிக்கும் அந்த காதுல அவருக்கு பாதிதான் கேக்குது. அவர் கதை தெரிஞ்சதாலதான் இதை முதல்ல சொல்றேன். இந்த முனகல் வீட்டு சோதனைதான், சந்தேகம் இருந்தா எது எப்படி கேட்டாலும் போய் காட்டிடுங்க. அதே மாதிரி தலைசுத்தல், கடுமையான வலி, காய்ச்சல், காதுல சீழ் இல்ல ரத்தம், காதுக்கு பின்னாடி வீக்கம், முகம் ஒரு பக்கம் கோணறது, இதுல எது இருந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம்.

இப்ப மூக்கு. எனக்கு ரொம்ப உதவினது உப்புத்தண்ணி விட்டு மூக்கு கழுவறதுதான், முதல் நாள் பயமா இருக்கும், மூணாம் நாள் பல் தேய்க்கற மாதிரி பழகிடும். மெடிக்கல் ஷாப்ல 240 மில்லி பாட்டிலும் உப்பு பாக்கெட்டும் சேர்த்தே கிடைக்குது, வீட்டு உப்பை அளந்து போடறதை விட அந்த பாக்கெட் நல்லது, அளவு தப்பாது, எரியாது. தண்ணி விஷயத்துல மட்டும் கறாரா இருங்க. குழாய்த் தண்ணி கூடாது, ஆர்ஓ தண்ணியும் அப்படியே கூடாது, தளதளன்னு கொதிக்க விட்டு ஆற வச்ச தண்ணிதான். கேரளால 2024லயும் 2025லயும் மூளையைத் தாக்கற அமீபா காய்ச்சல் பத்தி படிச்சிருப்பீங்க, அந்த அமீபா உள்ள போற வழியே மூக்குதான், குடிச்சா ஒண்ணும் பண்ணாத தண்ணி மூக்குல போனா ஆபத்தாகலாம். நான் ராத்திரி ஒரு சொம்பு கொதிக்க வச்சு மூடி வச்சுடுவேன், காலையில வெதுவெதுப்பா பண்ணிக்குவேன். வாஷ்பேசின் மேல குனிஞ்சு, வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கிட்டே, பாட்டிலை மெதுவா அழுத்துங்க. வேகமா அழுத்தினா தண்ணி காதுக் குழாய் பக்கம் ஏறி வலிக்கும். முடிச்சதும் மூக்கை ரெண்டு பக்கமும் பொத்தி சிந்தாதீங்க, ஒவ்வொரு பக்கமா மெதுவா.

கழுவி ஒரு கால் மணி கழிச்சு டாக்டர் எழுதிக் குடுத்த ஸ்டீராய்டு ஸ்ப்ரே, எனக்கு மொமெட்டாசோன், சிலருக்கு ஃப்ளூட்டிகசோன் குடுப்பாங்க. இதை முக்கால்வாசி பேர் தப்பாதான் அடிக்கறாங்க, நானும் முதல் வாரம் தலையை அண்ணாந்து அடிச்சு எல்லாம் தொண்டைல இறங்கிடுச்சு. தலையை லேசா முன்னாடி சாய்ச்சு, வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை, முனை நடுத்தண்டுப் பக்கம் பார்க்காம அதே பக்கத்து காதைப் பார்த்து இருக்கணும். உறிஞ்சி இழுக்காதீங்க. இது அடிச்ச உடனே வேலை செய்யற மருந்து இல்ல, நாள் கணக்குல எடுக்கும், அதுவும் மூக்கு வீக்கத்துக்குத்தான், காதுல கோத்த நீரை நேரா வத்த வைக்கும்னு எதிர்பார்க்காதீங்க. ஓட்ரிவின், நாசிவியான் மாதிரி மூக்குல விடற சொட்டு மருந்து வேற கதை. போட்ட அஞ்சு நிமிஷத்துல சொர்க்கம் மாதிரி இருக்கும், ஆனா மூணு நாள், அதிகபட்சம் அஞ்சு நாள், அதுக்கு மேல போட்டா மருந்தாலயே மூக்கு அடைக்க ஆரம்பிக்கும், விட முடியாம வருஷக்கணக்குல போடறவங்களை எனக்கு தெரியும். பிபி, இதய நோய் இருக்கறவங்க, கர்ப்பமா இருக்கறவங்க சளி மாத்திரைய கடையில கேட்டு வாங்காதீங்க, அதுல பிபி ஏத்தற மருந்து இருக்கலாம். ஆன்டிபயாட்டிக்கும் அப்படித்தான், சீழ் இல்லாத வெறும் நீருக்கு அது தேவையில்ல.

காதை திறக்க வைக்கற பயிற்சி ரெண்டு இருக்கு. முதல்ல சுலபமானது, மூக்கைப் பொத்திக்கிட்டு ஒரு வாய் தண்ணி முழுங்கறது. ரெண்டாவது மூக்கையும் வாயையும் மூடிட்டு கன்னம் உப்பற மாதிரி மெதுவா மூச்சை வெளிய தள்ளறது. இந்த மெதுவாங்கற வார்த்தைய தயவுசெஞ்சு விட்டுடாதீங்க. கோபத்துல முழு பலத்தோட ஊதினா உள் காது மெல்லிய சவ்வு கிழியற அளவுக்கு கூட போகலாம். ரெண்டு மூணு செகண்டு போதும், டக்குன்னு ஒரு சத்தம் வந்தா சந்தோஷம், வரலன்னா விட்டுடுங்க, மூணு மணி நேரம் கழிச்சு பாருங்க. மூக்குல இன்னும் பச்சை சளி ஓடிட்டு இருந்தா இந்த ரெண்டாவதை பண்ணவே கூடாது, சளிய நாமளே காதுக்குள்ள ஏத்தின மாதிரி ஆயிடும். கண்ணுல சமீபத்துல ஆபரேஷன் ஆனவங்களும் வேண்டாம். குழந்தைங்களுக்கு மூக்கால ஊதற ஒரு பலூன் இருக்கு, இங்கிலாந்துல பள்ளிக்கூட பிள்ளைங்ககிட்ட பண்ணின ஆய்வு 2015ல வந்துச்சு, அதுல பலன் இருந்துச்சு, டாக்டர்கிட்ட கேட்டுப் பாருங்க. பெரியவங்களுக்கு சூயிங்கம் மெல்லறது, கொட்டாவி வரவழைக்கறது, வெந்நீரை கொஞ்சம் கொஞ்சமா குடிக்கறது, இதெல்லாம் குழாயை அடிக்கடி திறக்க வைக்கும்.

பட்ஸ் போடாதீங்க, ஊக்கு, தீக்குச்சி எதுவும் வேண்டாம். பழைய டெல்லி பக்கம் தலைல சிவப்பு துண்டு கட்டிக்கிட்டு காதுல கம்பி சொருகி சுத்தம் பண்றவங்க இருக்காங்க, காது அடைச்சிருக்கற நேரத்துல அவங்ககிட்ட உக்காரவே உக்காராதீங்க, உங்க பிரச்சனை அழுக்கு இல்ல, செவிப்பறைக்கு அந்தப் பக்கம் இருக்கு. ஆவி பிடிக்கலாம், மூக்குக்கு இதமா இருக்கும், ஆனா மடில கொதிக்கற பாத்திரத்தை வச்சுக்கிட்டு போர்வைக்குள்ள உக்காராதீங்க, மேஜை மேல வைங்க, குழந்தைங்களை கிட்ட விடாதீங்க.

அப்புறம் இந்த நாட்களை ஓட்டறது. ரோடு தாண்டும்போது அடைச்ச பக்கத்தை ஒண்ணுக்கு ரெண்டு தடவை திரும்பிப் பாருங்க, ஒரு காது போனா சத்தம் எந்த திசையில இருந்து வருதுன்னு மூளைக்கு தெரியாது, அதுவும் இங்க ஈ-ரிக்‌ஷா சத்தமே இல்லாம வரும். ஒரு தடவை மயிரிழைல தப்பிச்சேன். ஆபீஸ்ல நல்ல காது எல்லார் பக்கமும் இருக்கற மாதிரி சுவர் ஓரமா இடம் மாத்திக்கிட்டேன், பக்கத்துல இருக்கற ரெண்டு பேர்கிட்ட விஷயத்தை சொல்லி வச்சேன், சொல்லலன்னா நம்மளை திமிர் பிடிச்சவன்னு நினைச்சுடுவாங்க. போன்ல மோனோ ஆடியோன்னு ஒரு செட்டிங் இருக்கு, போட்டா ரெண்டு பக்க சத்தமும் ஒரே காதுல வரும், வால்யூமை மட்டும் கேக்கலங்கறதுக்காக ஏத்திட்டே போகாதீங்க, நல்ல காது பாவம். ராத்திரி அமைதில காதுக்குள்ள ஒரு ரீங்காரம் பெருசா கேக்கும், ஃபேனை ஒண்ணுல ஓட விடுங்க, போர்வை போட்டுக்கிட்டாவது. தலையணை ரெண்டு வச்சு அடைச்ச காது மேல வர மாதிரி படுங்க. ரூம் ஹீட்டர் ப்ளோயர் காத்து மூக்கை காய வைக்கும், ராத்திரி முழுக்க போடாதீங்க. வெளிய போனா என்95 மாஸ்க், காத்து மோசமான நாள்ல காலை நடைய விட்டுடுங்க.

டிசம்பர்ல ஊர்ல சித்தி பொண்ணுக்கு வளைகாப்பு, ஃப்ளைட் டிக்கெட் போட்டாச்சு. டாக்டர் பார்த்துட்டு வேண்டாம்னுட்டார், விமானம் இறங்கும்போது வெளிக் காத்தழுத்தம் ஏறும், குழாய் மூடியிருந்தா செவிப்பறை இன்னும் உள்ள இழுத்து ரத்தம் கட்டிக்கும், கிழியவும் கிழியலாம். கேன்சல் பண்ணிட்டு தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல ரெண்டு ராத்திரி படுத்துக்கிட்டே போனேன், போய் சேர்ந்தப்ப காது கிளம்பினப்ப இருந்த மாதிரியே இருந்துச்சு, மோசமாகல, அதுவே பெரிய நிம்மதி. ஃப்ளைட்லதான் போயே ஆகணும்னா டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டு, இறங்கறதுக்கு அரை மணி முன்னாடி மூக்கு சொட்டு மருந்து போட்டுக்கிட்டு, இறங்கற நேரம் தூங்காம முழுங்கிட்டே இருங்க.

எவ்வளவு நாள் ஆகும்னு கேட்டா, சிலருக்கு ஒரு வாரம், சிலருக்கு மாசம், நீர் கோத்திருந்தா மூணு மாசம் வரைக்கும் கூட தானா வத்தும்னு பொறுத்துப் பார்ப்பாங்க. ஆனா ரெண்டு மூணு வாரத்துல முன்னேற்றமே இல்லன்னா ஈஎன்டி கிட்ட போய் ரெண்டு டெஸ்ட் கேளுங்க, எவ்வளவு கேக்குதுன்னு அளக்கற ஆடியோகிராமும், செவிப்பறை எப்படி அசையுதுன்னு பார்க்கற டிம்பனோகிராமும். டிம்பனோகிராம்ல காதுல சின்ன ரப்பர் முனை வச்சு அழுத்தத்தை மாத்துவாங்க, வலிக்காது, ஒரு நிமிஷம்தான். கோடு மலை மாதிரி நடுவுல வந்தா ஏ, மலை இடப்பக்கம் தள்ளிப்போனா சி, அதாவது உள்ள காத்தழுத்தம் குறைவு, தட்டையா வந்தா பி, பெரும்பாலும் நீர். எனக்கு முதல் தடவை பி வந்துச்சு. இன்னொண்ணு, பெரியவங்களுக்கு ஒரே ஒரு காதுல மட்டும் நீர் கோத்து போகவே மாட்டேங்குதுன்னா மூக்கு வழியா கேமரா விட்டு குழாய் வாய்க்கிட்ட கட்டி ஏதாவது இருக்கான்னு பார்த்தே ஆகணும், டாக்டர் சொல்லலன்னா நீங்களே கேளுங்க. எனக்கும் பார்த்தாங்க, ஒண்ணும் இல்ல, ஆனா பார்த்ததுக்கு அப்புறம்தான் தூக்கம் வந்துச்சு.

ஒரே நாள்ல டப்புன்னு திறக்கும்னு காத்திருந்தேன், அப்படி வரல. அஞ்சாவது வாரம் கொட்டாவி விட்டா ஒரு செகண்டு திறந்து மூடிக்கும், அப்புறம் காலையில திறந்து சாயந்திரம் மூடும், ஆறாவது வாரக் கடைசில மூடறது நின்னுச்சு. இந்த திறந்து மூடற கட்டத்துல நிறைய பேர் பயந்து மருந்தை மாத்தறாங்க, மாத்தாதீங்க, குழாய் வேலை செய்ய ஆரம்பிச்சதோட அடையாளம் அது. கேட்டுடுச்சேன்னு அன்னிக்கே ஸ்ப்ரேய நிறுத்தாம டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் அடிங்க, ரெண்டாவது டிம்பனோகிராம் எடுத்து கோடு ஏ ஆயிடுச்சான்னு பார்த்துட்டு நிறுத்துங்க.