துப்பாக்கியோடு ஓடும் காரைத் துரத்தும்போது போலீஸ் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓடுகிற காரில் துப்பாக்கி இருக்கிறது என்று வயர்லெஸ்ஸில் கேட்டதும், பின்னால் போகிறவர்கள் மனதில் எழும் முதல் எண்ணம் 'இப்போதே நிறுத்தியாக வேண்டும்' என்பதுதான். அமெரிக்காவில் மோசமாக முடிந்த சில துரத்தல்களைப் பார்த்தால் பெரும் சேதம் இந்த அவசரத்தில்தான் தொடங்கியிருக்கிறது.

ஆயுதம் இல்லாதவனைத் துரத்தும்போது வேகம் மட்டுமே எதிரி. ஆயுதம் இருந்தால் தூரமும் கணக்கில் சேர்கிறது. நெருங்க நெருங்க அவனுக்குத்தான் வசதி. பின்சீட்டில் இருப்பவன் கண்ணாடியை உடைத்துவிட்டு நிதானமாகக் குறி பார்க்கலாம். ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் போலீஸ்காரரால் அது முடியாது. போலீஸிடம் இருப்பது வேறு பலம்: ஹெலிகாப்டர், வயர்லெஸ், ஆள்பலம், நேரம். பின்வரும் ஒவ்வொரு தவறிலும் இந்தப் பலத்தைக் கைவிட்டு, அவனுக்கு வசதியான இடத்துக்குப் போலீஸே போய் நின்றிருக்கிறது.

உறுதி செய்யாமல் 'துப்பாக்கி' என்று சொல்வது

2012 நவம்பர் 29 இரவு, கிளீவ்லேண்ட் நகரில் 1979ஆம் ஆண்டு மாடல் செவர்லே மாலிபு ஒன்று போலீஸ் அலுவலகம் இருக்கும் கட்டடத்தைக் கடந்து வேகமாகப் போனது. அதன் சைலன்சர் 'டமார்' என்று வெடித்ததைத் துப்பாக்கிச் சத்தம் என்று எடுத்துக்கொண்டார்கள். அந்தச் செய்தி காற்றில் பரவ, மொத்தம் 62 போலீஸ் கார்கள் துரத்தலில் சேர்ந்தன. கடைசியில் ஒரு பள்ளியின் கார் நிறுத்துமிடத்தில் 13 பேர் 137 முறை சுட்டார்கள். காரில் இருந்த ஆணும் பெண்ணும் இறந்தார்கள். உள்ளே துப்பாக்கியே இல்லை.

இங்கே தவறு ஒன்றல்ல. முதல் தகவலைச் சொன்னவர் எதைப் பார்த்தார், எதைக் கேட்டார் என்று யாரும் பிரித்துக் கேட்கவில்லை. 'சத்தம் கேட்டது' என்பதும் 'ஆயுதத்தைக் கண்ணால் பார்த்தேன்' என்பதும் வெவ்வேறு தகவல்கள். வயர்லெஸ்ஸில் அப்படியே தனித்தனியாகச் சொல்லப்பட வேண்டும். அடுத்து, காரைச் சுற்றி எல்லாப் பக்கமும் நின்றதால், எதிர்ப்பக்கத்துச் சக போலீஸாரின் துப்பாக்கிச் சூடு காரிலிருந்து வருவதாகவே தோன்றியது. பயம் பயத்தைச் சுட வைத்தது.

62 என்ற எண்ணிக்கையே தனித் தவறு. நடைமுறையில் பல துறைகள் வைத்திருக்கும் வரம்பு இரண்டு அல்லது மூன்று கார்கள். முதல் காருக்கு ஓட்டுவதும் பார்ப்பதும் மட்டுமே வேலை. இரண்டாவது காரில் இருப்பவர்தான் வயர்லெஸ்ஸில் பேச வேண்டும்: சாலையின் பெயர், திசை, வேகம், போக்குவரத்து நெரிசல், காரில் எத்தனை பேர். துரத்தலில் இல்லாத மேலதிகாரி ஒருவர் தொடர்வதா விடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். அவரும் காரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே கிளம்பிவிட்டால் நிதானமாக யோசிக்க ஆளே இல்லை.

அமெரிக்க நீதித்துறையின் புள்ளிவிவரப்படி 1996 முதல் 2015 வரை போலீஸ் துரத்தல் தொடர்பான விபத்துகளில் ஆண்டுக்குச் சராசரியாக 355 பேர் இறந்திருக்கிறார்கள். போலீஸ் நிர்வாக ஆய்வு மன்றம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டி இரண்டு நிபந்தனைகளைச் சொல்கிறது. வன்முறைக் குற்றம் நடந்திருக்க வேண்டும். ஓடுகிறவன் இன்னொரு வன்முறையை உடனே செய்யக்கூடும் என்ற நிலையும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் விட்டுவிடலாம், வேறொரு நாள் பிடிக்கலாம்.

ஓடும் காரை நோக்கிச் சுடுவது

நியூயார்க் போலீஸ் 1972இலேயே ஓடும் காரை நோக்கிச் சுடுவதற்குத் தடை போட்டது. காரைத் தவிர வேறு ஆயுதத்தால் உயிருக்கு ஆபத்து வந்தால் மட்டும் விலக்கு. காரணம் எளிமையானது. டிரைவர்மேல் குண்டு பட்டால் ஒன்றரை டன் இரும்பு ஓட்டுநர் இல்லாமல் போய்க்கொண்டிருக்கும். படாவிட்டால் அந்தத் தோட்டா எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

'ஆளைச் சுட மாட்டேன், இன்ஜினைச் சுடுவேன்' என்பது இதைவிட ஆபத்தான நம்பிக்கை. 2010இல் டெக்சாஸில் துலியா ஊருக்கு அருகே, தன்னிடம் துப்பாக்கி இருப்பதாகப் போனில் மிரட்டியபடி ஒருவர் ஓடினார். மேம்பாலத்தின் மேலிருந்த மாநிலக் காவலர் ஒருவர், இன்ஜினைக் குறிவைத்து ரைஃபிளால் ஆறு முறை சுட்டார். ரேடியேட்டரிலோ பானட்டிலோ இன்ஜினிலோ ஒரு தோட்டாகூடப் பட்டதற்குத் தடயம் இல்லை. நான்கு தோட்டாக்கள் ஓட்டியவர் மேல் பட்டன, அவர் இறந்தார். பாலத்துக்கு அடியில் டயரைக் குத்தும் ஆணிப்பட்டை தயாராக விரிக்கப்பட்டிருந்தது. அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது சில நொடிகள்தான். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2015இல் அந்தக் காவலர்மீது இழப்பீட்டு வழக்கு செல்லாது என்று தீர்ப்பானது. சட்டம் காப்பாற்றியது என்பதால் அந்த முறை சரியாகிவிடாது.

பணயக்கைதி உள்ளே இருந்தால் இந்தத் தவறின் விலை இன்னும் கொடியது. 2014 ஜூலை 16 அன்று கலிபோர்னியாவின் ஸ்டாக்டனில் வங்கியைக் கொள்ளையடித்த மூவர், மூன்று பெண்களைப் பணயமாக ஏற்றிக்கொண்டு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடினார்கள். ஏகே-47 ரக ரைஃபிளால் பின்னால் சுட்டுக்கொண்டே போனதில் பத்துக்கும் மேற்பட்ட போலீஸ் கார்கள் செயலிழந்தன. இரண்டு பெண்கள் வழியிலேயே காரிலிருந்து வெளியே வந்து உயிர் பிழைத்தார்கள். மூன்றாமவரை ஒருவன் மனிதக் கேடயமாகப் பிடித்திருந்தான். முடிவில் 33 போலீஸார் 600க்கும் மேற்பட்ட தோட்டாக்களைச் சுட்டார்கள். அந்தப் பெண் போலீஸ் தோட்டாக்கள் பட்டே இறந்தார்.

ஒருவர் சுட்டதும் பக்கத்தில் இருப்பவரும் சுடுவார். இலக்கைப் பார்த்தல்ல, சத்தத்தைக் கேட்டு. வெறும் அறிவுரை இதைத் தடுக்காது. பணயக்கைதி உள்ளே இருக்கிறார் என்று தெரிந்த நிமிடமே, கார் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே, மேலதிகாரி பெயர் சொல்லிப் பிரிக்க வேண்டும்: சுடும் அனுமதி இந்த இரண்டு பேருக்கு மட்டும்; மற்றவர்களுக்குப் போக்குவரத்தை நிறுத்துவது, சுற்றுவளையம் போடுவது, ஆம்புலன்ஸுக்கு வழி விடுவது. கார் நின்ற பிறகு இதைச் சொல்ல நேரம் இருக்காது.

நெரிசலில் மடக்குவது

2019 டிசம்பர் 5, புளோரிடா. நகைக்கடைக் கொள்ளையர் இருவர் ஒரு பார்சல் வேனை ஓட்டுநரோடு கடத்திக்கொண்டு ஓடினார்கள். மிராமர் நகரில், மாலை நெரிசலில், மற்ற கார்களுக்கு நடுவே வேன் மாட்டிக்கொண்டு நின்றது. போலீஸார் இறங்கி, உள்ளே ஆட்கள் உட்கார்ந்திருந்த கார்களின் பின்னால் பதுங்கியபடி சுட்டார்கள். கொள்ளையர் இருவரோடு கடத்தப்பட்ட ஓட்டுநரும், தன் காரில் இருந்த வழிப்போக்கர் ஒருவரும் உயிரிழந்தார்கள்.

அடுத்த ஒரு கிலோமீட்டரில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது ஹெலிகாப்டரின் முதல் வேலை. சிக்னல், பள்ளி, நெரிசல் தெரிந்தால் தரையில் உள்ள கார்கள் சைரனை அணைத்துப் பின்வாங்கி, பார்வையில் வைத்திருக்கும் பொறுப்பை ஹெலிகாப்டரிடம் விட வேண்டும். துரத்துபவர்கள் கண்ணில் படாவிட்டால் பலர் வேகத்தைக் குறைக்கிறார்கள். நிற்கும் இடத்தை நெரிசல் முடிவு செய்யும்படி விடக்கூடாது.

கார்க் கதவு கண்ணுக்கு மறைவு, தோட்டாவுக்குத் தடுப்பு அல்ல. ரைஃபிள் தோட்டா இரண்டு தகடுகளையும் துளைத்துக்கொண்டு வரும். ஓரளவு காப்பு தருவது இன்ஜின் பகுதியும் சக்கரங்களின் இரும்பும்தான். நெரிசலில் சிக்கிய பொதுமக்களுக்கும் இதே கணக்கு: தப்பி ஓட வழியில்லை என்றால் சீட்டுக்குக் கீழே தாழ்ந்து, உடலுக்கும் துப்பாக்கிச் சூட்டுக்கும் நடுவே இன்ஜின் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். ஜன்னலில் போனைத் தூக்கிப் படம் எடுக்க வேண்டாம்.

இடிப்பதும் ஆணிப்பட்டையும்

பின்சக்கரத்துக்குப் பின்னால் பக்கவாட்டில் தட்டி காரைச் சுழல விடும் முறையை அமெரிக்காவில் 'பிட்' என்கிறார்கள். பல துறைகளில் இதற்கான வேக வரம்பு மணிக்கு 35 மைல், அதாவது சுமார் 56 கிலோமீட்டர். அதற்கு மேல் கார் சுழலுமா, உருளுமா என்று உறுதி சொல்ல முடியாது. வேகம் இரட்டித்தால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகிறது. ஆயுதம் இருக்கும் காரில் இன்னொரு சிக்கல் உண்டு. தட்டுவதற்குப் பக்கவாட்டில் போக வேண்டும், அதாவது அவன் ஜன்னலுக்கு மிக அருகில். சுழன்று நிற்கும்போது அவன் முகம் உங்களைப் பார்த்து இருக்கும். உள்ளே சுடுகிறவன் இருப்பது உறுதியானால் இந்த முறையைக் கடைசி வழியாகவே வைத்திருக்க வேண்டும்.

ஆணிப்பட்டையின் ஆணிகள் உள்ளீடற்ற குழல்கள். டயரை வெடிக்கச் செய்யாமல் காற்றை மெல்ல இறக்கும். எனவே கார் உடனே நிற்காது. குத்திவிட்டதே என்று பின்னால் ஒட்டிப் போவது தவறு. பட்டையை இழுப்பவர் தன் காருக்குப் பின்னால் நிற்பதும் தவறு. விலக நினைக்கும் டிரைவர் அந்தக் கார்மீதே மோதக்கூடும். பாலத் தூண், கான்கிரீட் தடுப்பு போன்றவற்றின் பின்னால் நின்று கயிற்றை இழுக்க வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. சக்கரத்தில் சிக்கினால் கையும் சேர்ந்து போகும். ஓடுகிற கார் கடந்ததும் பட்டையை உடனே இழுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து நிற்பது போலீஸ் கார்கள்தான். மோட்டார் சைக்கிளுக்கு இதை விரிக்கவே கூடாது.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு மட்டும். மணிக்கு 160 கிலோமீட்டரில் ஒரு நொடிக்கு 44 மீட்டர் ஓடுகிறோம். கண் பார்த்துக் கால் பிரேக்கைத் தொட ஒன்றரை நொடி என்றால் 66 மீட்டர் போய்விட்டது. முழுதாக நிற்க, காய்ந்த நல்ல சாலையிலேயே மொத்தம் 190 மீட்டர் அளவு ஆகும்.

மடியில் துப்பாக்கி, வளைவுக்கு அப்பால் எதிரி

1986 ஏப்ரல் 11, மயாமி. இரண்டு கொள்ளையரின் காரை எஃப்பிஐ ஏஜென்டுகள் தங்கள் கார்களால் மோதி நிறுத்தினார்கள். உடனே எடுக்க வேண்டும் என்று உறையிலிருந்து முன்கூட்டியே எடுத்து வைத்திருந்த கைத்துப்பாக்கி மோதலின் அதிர்ச்சியில் பறந்துபோய், ஆயுதமில்லாமல் நின்றார் ஒருவர். இன்னொருவரும் முதன்மைத் துப்பாக்கியை இப்படியே இழந்தார். அன்று இரண்டு ஏஜென்டுகள் இறந்தார்கள், ஐந்து பேர் காயமடைந்தார்கள். மோதல் வரப்போகிறது என்றால் துப்பாக்கி உறையிலும் உடல் சீட் பெல்ட்டிலும் இருக்க வேண்டும். கார் நின்ற பிறகு எடுத்தால் போதும்.

1980 மே 9 அன்று கலிபோர்னியாவின் நோர்கோவில் வங்கிக் கொள்ளையர் திருடிய பிக்கப் டிரக்கின் பின்புறத்தில் நின்று ரைஃபிளால் சுட்டுக்கொண்டும், வீட்டில் செய்த வெடிகுண்டுகளை வீசிக்கொண்டும் மலைப்பாதை வரை போனார்கள். சேதமான வாகனங்கள் 30க்கும் மேல், அதில் ஒரு ஹெலிகாப்டரும் உண்டு. இரண்டு மாவட்ட ஷெரிஃப் துறைகளின் (மாவட்டப் போலீஸ்) வயர்லெஸ் அலைவரிசைகள் ஒத்துப்போகாததால் முன்னால் போகிறவர் சொல்வது பின்னால் வருகிறவருக்குக் கேட்கவில்லை. லைட்டில் கிரீக் மலைச்சாலை அரித்துப் போன இடத்தில் கொள்ளையர் நிறுத்தி, காத்திருந்து சுட்டார்கள். முதல் காரில் வந்த டெபுட்டி ஜேம்ஸ் எவன்ஸ் கொல்லப்பட்டார். அவரிடம் இருந்தது ரிவால்வர். பின்னால் வந்த ஒருவரின் ராணுவ ரக ரைஃபிள் சுடத் தொடங்கிய பிறகே அவர்கள் காட்டுக்குள் ஓடினார்கள்.

பார்வையிலிருந்து கார் மறைந்தால் அது நின்றிருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து நிறுத்தி, ஹெலிகாப்டரிலிருந்து தகவல் வந்த பின்பே திரும்ப வேண்டும்.

கார் நின்றுவிட்டால் ஓடிப்போய்க் கதவைத் திறக்கக்கூடாது. போலீஸ் கார்கள் 10 முதல் 15 மீட்டர் பின்னால், ஒன்றுக்கொன்று சற்று விலகி, எல்லாமே ஒரே பக்கத்தில் நிற்கட்டும். எதிரெதிரே நின்றால் கிளீவ்லேண்ட் கதைதான். உத்தரவு ஒரே குரலில் ஒலிபெருக்கி வழியாகப் போக வேண்டும். இன்ஜினை அணை, சாவியை வெளியே போடு, கைகளை ஜன்னலுக்கு வெளியே நீட்டு. ஒவ்வொருவராக, பின்புறம் காட்டியபடி நடந்து வரச் சொல்ல வேண்டும். இந்தப் பேச்சைத் துரத்தி வந்த டிரைவர் எடுக்கக்கூடாது. அவர் உடம்பு இன்னும் துரத்தலில்தான் இருக்கும். எல்லோரும் இறங்கிவிட்டதுபோலத் தெரிந்தாலும் உள்ளே இன்னொருவன் இருக்கிறான் என்றே எண்ணி, தடுப்புக் கவசம் பிடித்தபடி நெருங்க வேண்டும். டிக்கியைத் திறப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில்.