மாடித் தோட்டத்தில் சொட்டுநீர்: கீழே ஒழுகுவதை நம்பாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு மொட்டை மாடிக்குப் போயிருந்தேன். இருபது செடிப்பை, அவற்றுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கறுப்பு லேட்டரல் பைப், டைமர் என்று எல்லாம் புத்தம் புதிது. "நீங்களே பாருங்கக்கா, தினமும் அடியில தண்ணி ஒழுகுது. ஆனா மத்தியானம் ஆனா செடி தொங்கிடுது" என்றார் அந்தத் தம்பி. எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. எரிச்சல் அவர் மேல் இல்லை, ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே பேச்சைப் பேசிய என் மேல்தான்.

ஃபில்டர் போடுங்கள், பேட்டரி மாற்றுங்கள் என்பதையெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். நான் சொல்ல வந்தது உயிருள்ள மண்ணை நிரப்பிய பைகளைப் பற்றி. செம்மண், மக்கிய தொழுவுரம், மண்புழு உரம், தென்னை நார்த்தூள், கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கு, மேலே மூடாக்கு, உள்ளே புழுவும் பூஞ்சை இழையும். வயலுக்குச் சொல்கிற சொட்டுநீர்ப் பாடம் இந்தப் பைக்கு அப்படியே பொருந்தாது.

## டிரிப்பர் மேல் எழுதியிருக்கும் எண்ணை நம்புவது

தண்ணீரைச் சொட்டு சொட்டாக விடும் சிறு முனைதான் டிரிப்பர். அதில் 4 லிட்டர் என்று போட்டிருந்தால் மணிக்கு 4 லிட்டர் வரும் என்று கணக்குப் போடுகிறோம். அது 1 பார் அழுத்தத்துக்கான கணக்கு. 1 பார் வேண்டுமென்றால் தண்ணீர்த் தொட்டி ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். மாடிப்படி அறையின் மேல் இருக்கும் நம் தொட்டி, பைகளைவிட இரண்டரை மீட்டர் உயரத்தில் இருந்தாலே அதிகம். அதாவது கால் பார். சாதாரண டிரிப்பரில் அழுத்தம் கால் பங்கானால் வரத்து பாதியாகும். 4 லிட்டர் டிரிப்பர் 2 லிட்டர்தான் தரும்.

அப்புறம், எல்லாப் பைக்கும் ஒரே அளவு வரட்டும் என்று பிரஷர் காம்பன்சேட்டிங் டிரிப்பரை அதிக விலைக்கு வாங்குவார்கள். பெரும்பாலானவை அரை பாருக்குக் கீழே ஒழுங்காக வேலை செய்யாது. டைமரில் மின்சாரத்தால் திறந்து மூடும் சோலனாய்டு வால்வுக்கும் அதே கதைதான். நிறைய மாடல்கள் அழுத்தம் இல்லாமல் சரியாகத் திறக்காது, மூடாது. தொட்டித் தண்ணீருக்கு, அழுத்தம் குறைவாக இருந்தாலும் திறந்து மூடும் பால் வால்வு (ball valve) வைத்த டைமர் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு வரிசையிலும் முதல் டிரிப்பருக்கும் கடைசி டிரிப்பருக்கும் கீழே டம்ளர் வைத்து, 15 நிமிஷம் விட்டு அளந்து பாருங்கள். கணக்கு அங்கேயே தெரிந்துவிடும்.

## கீழே ஒழுகினால் நனைந்துவிட்டது என்று நினைப்பது

இதைப் பற்றித்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்த வருஷம் அக்னி நட்சத்திரத்தில் தர்மபுரியில் ஒரு கல்யாணம். ஐந்து நாள் போய்விட்டேன். 15 அங்குலப் பை பதினான்கில் கத்தரி நின்றது. ஒவ்வொரு பைக்கும் நடுவில் ஒரே ஒரு டிரிப்பர். காலையில் அரை மணி நேரம் ஓடும்படி டைமர் வைத்திருந்தேன். வீட்டில் மாமியார் இருந்தார். தினமும் போனில் கேட்பேன். "தண்ணி கீழ ஒழுகிட்டுத்தாம்மா இருக்கு, நீ நிம்மதியா இரு" என்பார். அவர் சொன்னதில் பொய் இல்லை. நிஜமாகவே ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.

திரும்பி வந்தபோது பதினொரு செடி காய்ந்து நின்றது. டைமர் ஓடியிருக்கிறது, டிரிப்பர் அடைக்கவில்லை, தொட்டியிலும் தண்ணீர் இருக்கிறது. ஒன்றும் புரியாமல் ஒரு பையைக் கத்தியால் மேலிருந்து கீழ்வரை கிழித்தேன். நடுவில் மணிக்கட்டுப் பருமனுக்கு ஒரு ஈரத் தூண், டிரிப்பரிலிருந்து நேராக அடித்துளை வரை. அதைச் சுற்றி எல்லாம் பொடி. கையில் எடுத்தால் மூக்குப்பொடி மாதிரி பறந்தது. ஈரத் தூணுக்குள் நான்கைந்து புழு சுருண்டு கிடந்தன. மற்றவை பையின் ஓரத்தில் நூல் மாதிரி காய்ந்து ஒட்டியிருந்தன.

நடந்தது இதுதான். களிமண் நிலத்தில் சொட்டு விழுந்தால் தண்ணீர் பக்கவாட்டில் நன்றாகப் பரவும். தென்னை நார்த்தூளும் எருவும் கலந்த பொலபொலப்பான கலவையில் அந்த அளவுக்குப் பரவாது, இறங்கத்தான் பார்க்கும். ஒரு தடவை இந்தக் கலவை முழுக்கக் காய்ந்துவிட்டால் இன்னும் மோசம். காய்ந்த மக்கு தண்ணீரைத் தள்ளும், ஒட்டவிடாது. மண்ணும் சுருங்கிப் பையின் சுவரை விட்டு விலகும். அப்புறம் விடுகிற தண்ணீரெல்லாம் அந்த இடுக்கு வழியாகவோ பழைய தடத்திலோ ஓடி வெளியே போய்விடும். காபி ஃபில்டரில் பொடியைச் சரியாக அமுக்காமல் வெந்நீர் ஊற்றினால் ஒரு பக்கமாக ஓட்டை போட்டுக்கொண்டு இறங்குமே, அதேதான்.

அங்கேயாவது டிகாஷன் டம்ளருக்கு வரும். பையிலிருந்து ஒழுகும் பழுப்புத் தண்ணீரும் டிகாஷன்தான், மாதக்கணக்கில் மக்க வைத்துச் சேர்த்த சத்து அதில் கரைந்து போகிறது. உப்பு உரம் போடுகிறவர் மறுநாள் ஒரு பிடி போட்டுச் சமாளித்துக்கொள்வார். நம் பையில் செடிக்குச் சோறு பொங்குவதே மண்ணில் இருக்கும் உயிர்கள். புழு ஈரத் தோலால் மூச்சு விடுகிறது. பாக்டீரியா மண் துகளைச் சுற்றியுள்ள மெல்லிய நீர்ப் படலத்தில் வாழ்கிறது. பையில் முக்கால் பங்கு காய்ந்தால் சமையல்கட்டில் முக்கால் பங்கு மூடியாகிவிட்டது. செடியை மறுபடி நட்டுவிடலாம். அந்த மண் பழைய நிலைக்கு வர எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது.

இப்போது என்ன செய்கிறேன்? ஒவ்வொரு பையிலும் இன்லைன் டிரிப்பர் (பைப்புக்குள்ளேயே பொருத்திய சொட்டுத் துளை) உள்ள பைப்பை வளையமாகச் சுற்றி வைக்கிறேன். ஓர் அடி விட்ட வளையத்துக்கு மூன்றடிக்குக் கொஞ்சம் அதிகமாகப் பைப் தேவை. 30 செ.மீ.க்கு ஒரு துளை என்றால் மூன்று சொட்டு கிடைக்கும். வளையம் மூடாக்குக்குக் கீழே, மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். மண்ணுக்குள் புதைத்தால் தண்ணீர் நின்றதும் துளை சேற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். அரை மணி நேரத்தை மொத்தமாக ஓடவிடாமல் மூன்றாகப் பிரித்திருக்கிறேன்: பத்து நிமிஷம் ஓடி, அரை மணி நின்று, மறுபடி பத்து நிமிஷம். முதல் பத்து நிமிஷம் மண்ணை இளக்கும், அடுத்தது பரவும். அடியில் சொட்ட ஆரம்பிக்கும் முன்பே நின்றுவிடுகிற மாதிரி பார்த்துக்கொள்கிறேன்.

ஏற்கெனவே காய்ந்துபோன பையை டிரிப் காப்பாற்றாது. பெரிய டப்பில் தண்ணீர் நிரப்பிப் பையை அப்படியே இறக்குங்கள், குமிழி அடங்கும்வரை விடுங்கள். தூக்க முடியாத பை என்றால் பூவாளியில் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாள் முழுக்க.

சோதிக்க மீட்டர் வேண்டாம். பஞ்சுமிட்டாய் சுற்றும் மூங்கில் குச்சியைப் பையின் ஓரத்தில், டிரிப்பருக்கு எட்டாத இடத்தில், அடிவரை குத்தி எடுங்கள். மண் ஒட்டிக்கொண்டு வந்தால் சரி. குத்திய மாதிரியே வெறும் குச்சியாக வந்தால் அடியில் ஒழுகுவதைப் பார்த்து ஏமாந்துகொண்டிருக்கிறீர்கள்.

## ஜீவாமிர்தத்தை டிரிப்பில் விடுவது

விடாதீர்கள். சாணமும் வெல்லமும் கரைத்த கரைசல் அது, துளையை அடைத்துவிடும். ஊற்ற வாளியும் சொம்பும் இருக்கின்றன.

## மத்தியானம் ஓடும்படி டைமர் வைப்பது

16 எம்.எம். பைப்பில் 20 மீட்டருக்கு ஏறக்குறைய 3 லிட்டர் தண்ணீர் நிற்கும். கறுப்புப் பைப், சித்திரை வெயில், சேலத்துத் தளம். ஒரு நாள் இரண்டு மணிக்குக் கையை டிரிப்பருக்குக் கீழே நீட்டிப் பார்த்துவிட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அந்த 3 லிட்டர்தான் முதலில் வேருக்குப் போகிறது. விடியற்காலை ஐந்தரைக்கு வையுங்கள்.

## தளத்தின் சரிவைக் கவனிக்காதது

மழைத் தண்ணீர் வடிய எல்லாத் தளமும் ஒரு மூலைக்குச் சரிந்திருக்கும். வால்வு மூடிய பிறகு பைப்பில் நிற்கிற தண்ணீர் அந்த மூலைப் பைகளில்தான் வடியும். என் வீட்டில் அந்த மூலையில் வைத்த தக்காளி மட்டும் மூன்று தடவை வேரழுகிச் செத்தது. ராசியில்லாத மூலை என்றார்கள். பைப்பைச் சரிவுக்குக் குறுக்கே போட்டதும் ராசி வந்துவிட்டது.

## உப்பு அடைப்புக்கு ஆசிட்

எங்கள் தெரு போர் தண்ணீரில் டிரிப்பர் வாயில் இரண்டே மாதத்தில் வெள்ளையாகப் பொருக்கு கட்டும். வயலில் ஆசிட்டை லைனிலேயே விட்டுக் கழுவுவார்கள். அதைப் பார்த்துப் பையில் செடி இருக்கும்போதே விடுவது என்ன புத்தி என்று தெரியவில்லை. தனி டிரிப்பர் என்றால் கழற்றி ஓர் இரவு வினிகரில் ஊறப்போட்டுக் கழுவி மாட்டுங்கள். வளையம் என்றால் வளையத்தையே கழற்றி ஊறப்போடுங்கள். மேட்டூர்த் தண்ணீர் வருகிற நாளில் தொட்டியை அதால் நிரப்பிக்கொள்ள முடிந்தால் இந்த வேலை பாதியாகக் குறையும்.

## சேலத்து டைமர் கணக்கை ஏற்காட்டில் வைப்பது

மேலே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். செடிக்கு மட்டும் கீழே இருக்கிற தாகமா?

## மழையிலும் ஓடவிடுவது

சேலத்தில் ஆகஸ்டு, செப்டம்பரிலேயே சாயங்கால இடிமழை வந்துவிடும். ஐப்பசிக்குக் காத்திருக்காமல் டைமரை நிறுத்துங்கள். ஆனால் குச்சியை நிறுத்தாதீர்கள். இலை அடர்ந்த கத்தரி குடை மாதிரி மழையைப் பைக்கு வெளியே தள்ளிவிடும். மாடியே நனைந்திருக்க, பைக்குள் பொடியாகக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஃபேர்லேண்ட்ஸ் தம்பியின் பையிலும் குச்சி சுத்தமாகத்தான் வெளியே வந்தது. அவர் அதை வாங்கி அடுத்த பையில் குத்தினார், அதற்கடுத்த பையில் குத்தினார். இருபதும் முடிந்த பிறகு அவர் மனைவி கீழே போய்த் துணி ஊறவைக்கிற பெரிய டப்பை எடுத்துக்கொண்டு வந்தார்.