சூப்பர்சார்ஜர் கப்ளிங் சத்தம்: கண்டுபிடிக்கிறதுல இருந்து மாத்துற வரைக்கும்

நுவரெலியா கிட்டத்தட்ட 1,868 மீட்டர் உயரம், அங்க காத்தழுத்தம் கொழும்ப விட அஞ்சுல ஒரு பங்கு குறைவு, அதனால ரம்பொட ஏத்தத்துல சாதாரண இன்ஜின் திணறுற இடத்துலயும் சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள்ள காத்த அமுக்கி அனுப்புற சாமான்) வச்ச வாகனம் அலட்டிக்காம ஏறும். ஆனா வளைவுக்கு வளைவு அக்சிலேட்டர விட்டு விட்டு மிதிக்கிறோமே, அந்த உதறல் எல்லாத்தையும் வாங்கிக்கிறது பெல்ட் சுத்துற புல்லிக்கும் காத்த தள்ளுற ரோட்டரோட கியருக்கும் நடுவுல ரெண்டையும் இணைக்கிற கப்ளிங் தான். ஈட்டன் கம்பனி சூப்பர்சார்ஜர்ல இது கையில அடங்குற சின்ன சாமான், சிலதுல உள்ள ஸ்பிரிங் இருக்கும்.

மொதல்ல சத்தத்த கேளுங்க. ஐட்லிங்ல முன்பக்கம் கடகடன்னு தட்டி, கொஞ்சம் ரேஸ் பண்ணதும் மறைஞ்சா பெரும்பாலும் கப்ளிங், ரேஸ் கூட கூட உறுமலும் கூடுனா பேரிங். இன்ஜின ஆஃப் பண்ணி பெல்ட்ட கழட்டிட்டு, அத இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர், வழி திருப்புற ஐட்லர் புல்லியையும் சுத்திப் பாருங்க, அதுவும் இதே மாதிரி சத்தம் போடும். இத எதையும் பார்க்காம முழு சூப்பர்சார்ஜரையே மாத்தணும்னு யாரும் சொன்னா தயவுசெஞ்சு ஒத்துக்காதீங்க, சல்லி சும்மா போயிரும்.

இன்ஜின் நல்லா ஆறட்டும், பேட்டரி நெகட்டிவ கழட்டுங்க, பெல்ட் ஓடுற வழிய போன்ல படம் எடுத்து வைங்க. சில வாகனத்துல மொத்த சூப்பர்சார்ஜரையும் வெளிய எடுத்தா தான் கை போகும், அப்படின்னா பழகின பாஸ் (மெக்கானிக்) ஒருத்தர கூட வச்சுக்குங்க. சூப்பர்சார்ஜருக்குள்ள இருக்கிற பழைய ஓயில சிரிஞ்சால உறிஞ்சி எடுத்து வெள்ளைத் துணியில ஊத்திப் பாருங்க, மினுமினுன்னு இரும்புத்தூள் தெரிஞ்சா கப்ளிங் மட்டும் மாத்தி பிரயோசனம் இல்ல. முன்பக்க ஹவுசிங் போல்ட்ட கழட்டி ரப்பர் சுத்தியலால மெதுவா தட்டுங்க, ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பவே கூடாது, ஹவுசிங் பொருந்துற அந்த முகத்துல ஒரு கீறல் விழுந்தாலும் ஓயில் கசியும்.

இப்ப கப்ளிங் தெரியும். ஓட்டை வட்டமா இல்லாம நீள்வட்டமா தேஞ்சிருக்கும், அந்த ஓட்டையில மாட்டுற இரும்பு பின்னையும் (pin) பாருங்க, அதுல பள்ளம் விழுந்திருந்தா புது கப்ளிங்கையும் தின்னுரும். கொழும்பு பஞ்சிகாவத்தை ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள்ல வாங்கப் போறப்ப மொடல் நம்பரோட பழசையும் கொண்டு போங்க. புதுசு கையாலயே பின்ல ஏறணும், அடிச்சு ஏத்தாதீங்க.

ரெண்டு முகத்தையும் சுத்தம் பண்ணி, மெனுவல்ல சொன்ன சீலர மெல்லிசா போட்டு, போல்ட்ட எதிரெதிரா டோர்க் ரெஞ்சால இறுக்குங்க. சீலர் காய்ஞ்சதும் சூப்பர்சார்ஜர் ஓயில் மட்டும் ஊத்துங்க, இன்ஜின் ஓயில் வேணவே வேணாம், அளவுக்கு மேல போனா சீல்ல கசியும். பெல்ட்ட போட்டு ஸ்டார்ட் பண்ணி ஐட்லிங்ல கேளுங்க, ஒரு நாள் ஓட்டினதுக்கு அப்புறம் ஹவுசிங் சந்துல விரல வச்சு ஈரம் இருக்கான்னு பாத்துருங்க.