தொடக்கக் காட்சியில் பதற்றத்தை ஏற்றுவது எப்படி: கேமரா ஒன்று சொல்லட்டும், ஒலி வேறொன்று சொல்லட்டும்

குறும்படத்தின் தொடக்கத்தில் பதற்றம் வேண்டுமென்றால் பெரும்பாலும் இரண்டு வேலை நடக்கிறது. கேமராவைக் கையில் பிடித்து ஆட்டுகிறார்கள், எடிட்டிங் டைம்லைனில் ஒரு கனமான 'டொம்ம்' சத்தத்தைப் போடுகிறார்கள். இரண்டும் "பயப்படு" என்ற ஒன்றையே சொல்கின்றன, எதற்காகப் பயப்பட வேண்டும் என்பதுதான் இல்லை. கண்ணுக்குத் தெரிவதும் காதுக்குக் கேட்பதும் வேறு வேறாக இருந்து, இரண்டையும் பார்ப்பவரே மனதுக்குள் சேர்க்க வேண்டி வரும்போதுதான் பதற்றம் பிறக்கிறது.

ஆர்சன் வெல்ஸ் 1958-ல் எடுத்த 'டச் ஆஃப் ஈவில்' படத்தின் முதல் ஷாட்டைப் போட்டுப் பாருங்கள். அமெரிக்க-மெக்சிகோ எல்லையில் ஓர் ஊர், இரவு நேரம். ஒருவன் டைம் பாமில் நேரத்தைத் திருகி, ஓடிப்போய் ஒரு காரின் டிக்கியில் வைக்கிறான். ஓர் ஆணும் பெண்ணும் அதில் ஏறிக் கிளம்ப, கிரேனில் இருக்கும் கேமரா மேலே எழும்பி, கட்டிடங்களைத் தாண்டி இறங்கி, தெருவில் நடந்துவரும் இன்னொரு ஜோடியோடு சேர்ந்துகொள்கிறது. மூன்று நிமிடத்துக்கு மேல் ஒரு கட் கூடக் கிடையாது. கட் செய்தால் நேரத்தை இழுக்கலாம், சுருக்கலாம் என்பது பார்ப்பவருக்கும் உள்ளூரத் தெரியும். இங்கே அந்த வழியை அடைத்துவிட்டதால் பாமின் கடிகாரமும் நம் கடிகாரமும் ஒன்றாகவே ஓடுகின்றன.

ஒலி இதைவிட சுவாரசியம். முதலில் வெளியான பிரதியில் இந்த ஷாட்டின் மேல் டைட்டிலும் ஹென்றி மான்சினியின் இசையும் ஓடின. வெல்ஸ் ஸ்டூடியோவுக்கு எழுதிய 58 பக்கக் குறிப்பை வைத்து 1998-ல் எடிட்டரும் ஒலி வடிவமைப்பாளருமான வால்டர் மர்ச் படத்தை மறுபடி எடிட் செய்தபோது, அந்த இரண்டையும் எடுத்துவிட்டு, தெருவில் இருக்கும் கடைகளிலிருந்தும் கார் ரேடியோவிலிருந்தும் கசிந்துவரும் பாட்டுகளை வைத்தார். விளைவு என்ன தெரியுமா? கார் ஃப்ரேமில் இல்லாதபோதும் அதன் ரேடியோ நெருங்குவதையும் விலகுவதையும் கேட்டே பாம் எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. என்னைக் கேட்டால், தொடக்கக் காட்சிக்கு ஒலி அமைக்கும் எவரும் இரண்டு பிரதிகளையும் அடுத்தடுத்து பார்த்தே ஆக வேண்டும்.

சரி, இதை நம் கையில் இருக்கும் ஃபோனில் எப்படிச் செய்வது? கிரேன் தேவையில்லை. முதலில் ஒரு சத்தத்தை அறிமுகப்படுத்துங்கள். இரும்பு கேட் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு பெண் வெளியிலிருந்து வந்து கேட்டைத் திறக்கிறாள், அது கிரீச்சிடுகிறது, மூடி, கொண்டியைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் போகிறாள். இது வைட் ஷாட்டில், அதாவது தள்ளி நின்று முழு இடமும் தெரியும்படி, எந்த அழுத்தமும் இல்லாமல், சாதாரணமாக வரட்டும். அப்புறம் அவள் சமையலறையில் பாத்திரம் தேய்க்கும்போது கேமரா அவள் முகத்திலேயே நிற்கட்டும், பின்னால் வாசல் கதவு கொஞ்சம் அவுட் ஆஃப் ஃபோக்கஸில் தெரியட்டும். இப்போது அதே கிரீச் சத்தம், சின்னதாக. குழாய்த் தண்ணீர் ஓடுவதால் அவளுக்குக் கேட்கவில்லை, நமக்குக் கேட்டுவிட்டது. கேட்டைக் காட்டவே காட்டாதீர்கள். எடிட் டேபிளில் கை அரிக்கும். ஆனாலும் காட்டாதீர்கள், காட்டிய நொடியில் சத்தத்துக்கு வேலை போய்விடும்.

அடுத்து அவள் குழாயை மூடுகிறாள். இந்த இடத்தில் உங்களிடம் அமைதி இருக்க வேண்டும், அதாவது பதிவு செய்த அமைதி. ஷூட் முடிந்ததும் எல்லாரையும் பேசாமல் நிற்கச் சொல்லி அந்த அறையின் வெறும் ஒலியை ஒரு நிமிடமாவது பதிவு செய்துகொள்ளுங்கள். ஒலி டிராக்கை அப்படியே காலியாக விட்டால் ஃபைலில் ஏதோ கோளாறு என்றுதான் தோன்றும். ஃபிரிட்ஜின் ரீங்காரமோ தூரத்து நாயோ கேட்கும்போதுதான் அது அமைதியாகப் படும்.

செர்ஜியோ லியோனி 1968-ல் எடுத்த 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்' தொடக்கம் இதற்கு நல்ல பாடம். ரயிலுக்காக மூன்று துப்பாக்கிக்காரர்கள் காத்திருக்கிறார்கள். பின்னணி இசை இல்லை, பேச்சும் ஏறக்குறைய இல்லை. காற்றாலையின் கிறீச்சிடல், தொப்பியில் சொட்டும் தண்ணீர், முகத்தில் உட்காரும் ஈ, அவ்வளவுதான். க்ளோசப்புகள் அவ்வளவு நெருக்கம், அந்தச் சத்தங்களும் அதே நெருக்கம். எதுவுமே நடக்காதபோது எதைக் கேட்கிறோம் என்பதில் அங்கே எவ்வளவு கவனம் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

கேமரா அசைவு பற்றிச் சுருக்கமாக: அசைந்தால் காரணத்தோடு, மெதுவாக அசையுங்கள். ஒரு பொருளை நோக்கி மெல்ல நகரும் ஷாட்டில், அங்கே ஏதோ இருக்கிறது என்று பார்ப்பவர் தானாகவே நினைத்துக்கொள்வார், அதற்குப் பின் இசை எதற்கு?

மிக்ஸிங்கில், அதாவது எல்லா ஒலிகளையும் அளவு பார்த்துச் சேர்க்கும் கட்டத்தில், ஒரு முக்கியமான விஷயம். ஹெட்ஃபோனில் அதிரும் கனமான பேஸ் ஒலி ஃபோன் ஸ்பீக்கரில் கிட்டத்தட்ட கேட்கவே கேட்காது, உங்கள் படத்தையோ பெரும்பாலானவர்கள் ஃபோனில்தான் பார்க்கப் போகிறார்கள். அதனால் முக்கியமான தகவலை கிரீச், தட்டல், செருப்புச் சத்தம் மாதிரியானவற்றில் வையுங்கள், எடிட் முடித்து எக்ஸ்போர்ட் செய்த ஃபைலை ஃபோனிலேயே ஒருமுறை போட்டுக் கேளுங்கள்.

கடைசியாக, சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள், அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். இரண்டிலும் ஒரே கதை கிடைக்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அங்கெல்லாம் ஷாட்டையோ சத்தத்தையோ ஏதாவது ஒன்றைத் தூக்குங்கள். பெரும்பாலும் முதலில் போவது இசையாகத்தான் இருக்கும்.